மே மாதத்து அரைமணி நேரம்: மலைவீட்டில் பிள்ளைகளின் படிப்பு

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனால் போதும், எங்கள் கோத்தகிரிப் பக்கம் இரண்டு கூட்டம் வந்து சேரும். வெயில் தாங்காமல் காரில் ஏறி வரும் சுற்றுலாப் பயணிகள் ஒரு கூட்டம். பெட்டியும் கிரிக்கெட் மட்டையுமாகத் தாத்தா பாட்டி வீட்டில் வந்து இறங்கும் பேரப்பிள்ளைகள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் மூன்று நாளில் மலையிறங்கிவிடும். இரண்டாவது, ஜூன் பிறக்கும் வரை அசையாது. போதாததற்கு, கோடை மழை இரண்டு விழுந்ததும் தேயிலைக் கொழுந்து துளிர்க்கும். தோட்ட வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். கடை, விடுதி, டாக்சி வைத்திருப்பவர்களுக்கோ இதுதான் சீசன். பிள்ளைகள் முழுநேரமும் வீட்டில் இருக்கும் மாதமும், அவர்களைப் பார்க்க ஆள் இல்லாத மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

நான் தொடக்கப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்று ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிந்திய முதல் கோடையில் என் திண்ணையில் ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள்: என் பேரன்கள் இருவர், பக்கத்து லைன் வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஐவர். பழக்க தோஷம், கால அட்டவணை போட்டேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, இடைவேளை, அறிவியல். மூன்றாம் நாள் காலை திண்ணை காலி. ஏழு தலைகளும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தன. அட்டவணையை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். அதன் பிறகு பல கோடைகள் தாக்குப்பிடித்த ஏற்பாடு இதுதான்: நாளுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து படிப்பு, மிச்சப் பொழுது மலையிடம். மாறுதலாகி இங்கே புதிதாக வந்தவர்களுக்கும், முதல் முறையாகப் பேரப்பிள்ளைகளைக் கோடை முழுக்க வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: விட்டுவிடுங்கள், ஆனால் பாருங்கள்

தேர்வு முடிந்து வந்த பிள்ளையிடம் உடனே புத்தகத்தை நீட்டாதீர்கள். ஒரு வாரம் தூங்கட்டும், மரம் ஏறட்டும். அந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது மூன்று சின்ன வேலைகள். மூன்றையும் வெவ்வேறு நாளில், தேர்வு என்று சொல்லாமல் செய்யுங்கள்.

முடித்த வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறதா, வாக்கியமாகப் படிக்கிறதா என்று காதால் கேட்டாலே தெரியும். இன்னொரு நாள் ஒரு கழித்தல்: 2203-இலிருந்து 326. மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ள எந்தப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கலாம். நடுவில் பூஜ்ஜியம் இருப்பதால் கடன் வாங்கத் தெரியாத பிள்ளை அங்கே நிச்சயம் சறுக்கும். விடை 1877. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். மூன்றாவது, ஊரில் இருக்கும் யாருக்காவது ஐந்து வரியில் ஒரு கடிதம்.

எதையும் திருத்த வேண்டாம். பிள்ளை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். நான்காம் வகுப்பு முடித்தது இரண்டாம் வகுப்புப் பாடத்தில் திணறினால் இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு வெட்கப்படுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். பழைய புத்தகம் கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

அரைமணி நேரத்தை எங்கே வைப்பது?

காலையில். இதில் விவாதமே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காலை வெளிச்சமாக இருக்கும். பிற்பகலில் மேகம் கூடி இடி இடிக்கும், மின்சாரம் போகும். "சாயங்காலம் படிக்கலாம்" என்று ஒத்திப்போட்ட வீடுகளில் அந்தச் சாயங்காலம் வந்ததே இல்லை. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், விளையாடக் கிளம்புவதற்கு முன்னால், ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குக் கால்மணி போதும். பெரிய பிள்ளைகளுக்கும் முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள்.

பத்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கணக்கு, பத்து நிமிடம் எழுத்து. வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யச் சொல்லாதீர்கள். அது வட்டிக்கடை வழக்கம்.

அரைமணி நேரம் என்ன சாதிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியது இன்றைக்கும் நிற்கிறது: கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால் தங்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, ஐந்து காலை அரை அரை மணி நேரம் உட்கார வைப்பது மேல்.

வாசிப்பு

கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். கட்டணம் மிகக் குறைவு. புத்தகத்தைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிதான புத்தகத்தை எடுத்தால் முகம் சுளிக்கக் கூடாது. பெரிய பிள்ளை சின்னதுக்கு வாசித்துக் காட்டட்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தன் வகுப்புப் புத்தகத்தைத் தடுமாறிப் படிக்க வெட்கம். தம்பிக்கு முயல் கதை படிக்க வெட்கமில்லை. அந்த மறைவில் அவனுக்கும் சரளம் வந்துவிடும். மழை பிடித்துக்கொண்ட பிற்பகலில் கம்பளிக்குள் எல்லாரும் சுருண்டுகொண்டு ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதை அரைமணிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கொசுறு.

கணக்கு

விடுமுறையில் முதலில் கரைந்துபோவது வாய்ப்பாடு. தினம் ஒரு வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாகவும் பிறகு குலுக்கிப்போட்டும் கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம். மிச்ச ஐந்து நிமிடத்துக்கு மலையில் கணக்குக்குப் பஞ்சமே இல்லை.

தோட்ட வீடாக இருந்தால் எடைச் சீட்டை எடுங்கள். இந்த வாரம் நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து, மொத்தம் எவ்வளவு, சராசரி என்ன? பச்சைத் தேயிலை நான்கு கிலோவுக்குச் சற்று மேலே போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அப்படியானால் அம்மா இன்று பறித்தது எத்தனை கிலோ தூளாகும்? நூறு கிராம் கொழுந்தை எடை போட்டு, "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அதை வைத்து ஒரு கிலோவுக்கு எத்தனை முறை கிள்ள வேண்டும் என்று கணக்கிட்ட ஒரு சிறுமி, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். அன்றைக்கு நான் வேறு பாடம் எடுக்கவில்லை.

இனி அந்த 1877. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2203 மீட்டரில். மலை ரயில் ஏறும் உயரம்தான் நாம் கழித்துப் பார்த்த விடை. 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவு, 16 குகை, 250 பாலம். மேலே ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்க்கும் பிள்ளை, "நான் ஓடினாலே முந்திவிடுவேனே" என்று குதிக்கும். குதிக்கட்டும். அடுத்தது, சரிவு. பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். நோட்டில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் படுக்கைக்கோடு வரைந்து, அதன் முடிவில் ஒரு சென்டிமீட்டர் செங்குத்துக்கோடு போட்டு, இரண்டு முனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத சரிவு போலத்தான் இருக்கும். அதற்கே வழுக்கும் என்பதால்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சீசனில் டிக்கெட் கிடைப்பது கடினம். கவலை வேண்டாம், குன்னூர் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றாலே போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அங்கே டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். நீராவி எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஏன் முன்னாலிருந்து இழுக்கவில்லை என்று பிள்ளையையே கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். வீடு திரும்பும் பஸ் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

எழுத்து: மழை நோட்டு

"தினமும் ஒரு பக்கம் கட்டுரை எழுது" என்றால் எந்தப் பிள்ளையும் எழுதாது. எழுதுவதற்கு ஒரு செய்தி வேண்டும். மலையில் தினம் தவறாமல் கிடைக்கும் செய்தி வானிலைதான். அதனால் எங்கள் திண்ணையில் எழுத்து வேலை முழுவதும் ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள் அடங்கிவிட்டது.

மழைமானி செய்வது எளிது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டச் சொல்லும் குறிப்புகளை நம்பி இங்கே பாட்டில் தேடி அலையாதீர்கள். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிறது. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக உள்ள எவர்சில்வர் டப்பா போதும். மரமோ கூரை விளிம்போ மறைக்காத திறந்த இடத்தில், சாயாதபடி இரண்டு கல் முட்டுக்கொடுத்து வையுங்கள். காலை அரைமணியின் கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளை போய் அளவுகோலை டப்பாவுக்குள் நிறுத்தி, தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்துக் கொட்டிவிட வேண்டும். சில அளவுகோல்களில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதைக் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

பிறகு நோட்டில் மூன்று வரி. தேதியும் மழையளவும் முதல் வரி. நேற்று வானம் எப்படி இருந்தது என்பது இரண்டாவது. மூன்றாவது வரி கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று: குருவி கூட்டுக்குப் புல் எடுத்துப் போனது, சில்வர் ஓக் பூத்தது, ரோட்டில் கார் நின்று பஸ் தாமதமானது. எழுத்துப் பிழையை அன்றே திருத்தாதீர்கள். வாரத்துக்கு இரண்டு சொல்லை மட்டும் எடுத்துப் பலகையில் சரியாக எழுதிக் காட்டுங்கள். ல, ள, ழ மூன்றும் மழை நோட்டில் தானாக வந்து நிற்கும்.

இந்த நோட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரை நாற்பது சதுர மீட்டர், நேற்று 12 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 32 குடம். ஊற்றிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்து களைத்த பிள்ளைக்கு, கூரையிலிருந்து 32 குடம் வாய்க்காலில் ஓடியது என்று தெரிந்தால் அடுத்த கேள்வியை அதுவே கேட்கும். எங்கள் திண்ணையில் கேட்டது. அந்தக் கோடையில் மூன்று லைன் வீடுகளின் கூரை ஓரத்தில் தகரக் குழாயும் டிரம்மும் வந்தன.

இதோடு ஒட்டிய சோதனை ஒன்று. ஓட்டை போட்ட இரண்டு டின்கள். ஒன்றில் பாதையோரத்து வெறும் மண், மற்றதில் மரத்தடியில் உதிர்ந்த சருகோடு சேர்ந்த மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, எதிலிருந்து முதலில் வடிகிறது, எவ்வளவு கலங்கி வடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சோலைக்காடு தண்ணீரை எப்படிப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது என்று அதன் பிறகு சொன்னால் புரியும். கோத்தகிரி அருகே 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது; 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியோடு போகலாம். சருகைக்கூட அங்கிருந்து எடுத்துவரக் கூடாது.

அடுப்படியும் பஸ்ஸும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீழேயிருந்து வரும் பிள்ளை பஸ்ஸில் ஏறும்போது கையில் காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து, பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மேலே வருவதற்குள் அது பலூன் போல உப்பியிருக்கும். காது அடைப்பதும் அதே காரணத்தால்தான்: உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கும். உதகையில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால்தான் பாத்திரத்தில் பருப்பு வேக இவ்வளவு நேரம் ஆகிறது. குக்கர் இல்லாமல் மலையில் குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறரை டிகிரி வாக்கில் குறையும் என்பதையும் சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி என்றால் உதகையில் எவ்வளவு என்று அந்த 1877-ஐ வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பாட்டியின் கதையை எழுதுதல்

வாரம் ஒரு நாள் அரைமணி நேரத்தை வீட்டுப் பெரியவருக்குக் கொடுங்கள். அவர் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் நிறைய. இலங்கைத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரைத் திருப்பியனுப்ப வகைசெய்த 1964-ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள். அந்த வழியை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் புவியியல் பாடமும் முடிந்தது. ஒரு பாட்டி, "கப்பல்ல எங்கம்மா மடியில ஒரு தேயிலைக் கன்னு இருந்துச்சு" என்று சொன்னதைப் பேத்தி அப்படியே எழுதிவிட்டு, "இது தப்புத் தமிழா டீச்சர்?" என்று கேட்டாள். பாட்டி பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைக்கலாம், மற்றதை எழுத்து நடையில் எழுதலாம் என்று சொன்னேன். மேற்கோள் குறி எதற்கு என்பது ஐந்தாண்டு வகுப்பில் விளங்காதது அன்று விளங்கியது.

நீலகிரியின் படகர் சமூக வீடுகளில் பாட்டியை ஹெத்தெ என்பார்கள். ஹெத்தெ படகர் மொழியில் சொல்லும் கதையைப் பிள்ளை தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரே நேரத்தில் இரண்டு மொழிக்குள் நடமாடுகிறது. வீட்டு மொழியைப் படிப்புக்குத் தடையாக நினைப்பவர்களோடு நான் பல ஆண்டு சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் ஓயவில்லை.

வெளியே கூட்டிப் போகும்போது

சனி, ஞாயிறு வேண்டாம். மே மாத வாரக்கடைசியில் உதகைச் சாலையில் நீங்கள் கற்பிக்கப் போவது பொறுமையை மட்டும்தான். கீழேயிருந்து காரில் பிள்ளையைக் கொண்டுவிட வருபவர்களிடம் வண்டி மலையேற இணையத்தில் பதிந்து எடுக்கும் இ-பாஸ் விதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த நடைமுறை வந்திருக்கிறது.

செவ்வாயோ புதனோ காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஓர் இடம், ஒரு கேள்வி. அதற்கு மேல் வேண்டாம். 1848-இல் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. வயது இரண்டு கோடி ஆண்டு என்கிறார்கள். அந்த எண்ணை எத்தனை பூஜ்ஜியம் போட்டு எழுதுவது என்பதே ஒரு நாள் வேலை. கோத்தகிரிக்காரர்களுக்குக் கண்ணேரிமுக்கில், உதகையை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் நினைவகம் பக்கத்திலேயே இருக்கிறது. பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். அங்கே 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. உங்கள் பிள்ளை 2018-இல் பிறந்திருந்தால், அடுத்த பூப்பின்போது அதற்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கைகளை மட்டும் கறாராகச் சொல்கிறேன், புதிதாக வந்தவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகே வெளியே போக வேண்டும், மாலை ஐந்துக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை மாடு போலத் தெரியும், மாடு இல்லை. கன்றோடு நின்றால் வந்த வழியே திரும்புங்கள். கரடியும் சிறுத்தையும் வீட்டுப் பக்கம் வருவது இங்கே புதுமை அல்ல. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானை வரும். தொட்டால் தீப்போல அரிக்கும் செடி ஓடை ஓரங்களில் உண்டு. உள்ளூர்ப் பிள்ளை ஒன்றைக் கூடவே அனுப்பினால் அது காட்டிக்கொடுக்கும்.

கைபேசி, பள்ளி கொடுத்த கட்டு

கைபேசியை அறவே பிடுங்கிப் பயனில்லை, பிள்ளை அதை உங்களிடமிருந்து திருடும். காலை அரைமணி முடிந்த பிறகுதான் என்ற ஒரே விதி போதும். பாட்டி கதை சொல்வதைப் பதிவு செய்ய, பார்த்த பூவைப் படம் பிடிக்க அதைக் கொடுக்கலாம்.

என் பேரனின் பள்ளி ஒரு கோடைக்கு அறுபது பக்க வீட்டுப்பாடம் அச்சடித்துக் கொடுத்தது. பாதி, வண்ணம் தீட்டுவது. அப்படி ஏதாவது வந்தால் நாளுக்கு இரண்டு பக்கம் என்று பிரித்து, அரைமணிக்குள்ளேயே அடக்குங்கள். ஒட்டுவேலை, தெர்மாகோல் வேலைகளை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததே போகட்டும்.

கடைசி வாரம்

பள்ளி திறக்கும் தேதிக்கு ஏழு நாள் முன்பிருந்து தூங்கும் நேரத்தைத் தினம் கால்மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுங்கள். முதல் வாரத்துக் கடிதத்தையும் இப்போது எழுதிய ஐந்து வரியையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். 2203-இலிருந்து 326-ஐ இன்னொரு முறை கழிக்கட்டும். மேல்வகுப்புப் பிள்ளை வீட்டிலிருந்து அடுத்த ஆண்டுப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படங்களை மட்டும் புரட்டினாலும் போதும்.

டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. அது கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டும். கிழக்கே இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. கூடலூரில் உறவுக்காரப் பிள்ளை யாராவது இருந்தால் அங்கேயும் ஒரு டப்பா வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அவர்கள் வரும்போது நோட்டையும் கொண்டுவரட்டும்.